பிசைந்து செய்யும் வெள்ளி: வீட்டில் நகை செய்யும் புதிய முறையும் அதன் வரவு செலவும்

வெள்ளி நகை என்றதும் எமக்குப் பத்தரின் பட்டறை நினைவுக்கு வரும். உமிக்கரி நெருப்பு, ஊதுகுழல், மூசை, பட்டடை, சுத்தியல், கம்பி இழுக்கும் அச்சுப் பலகை என்பவற்றோடு பல ஆண்டுகள் பழகிய கையும் அங்கே வேண்டும். உலோகத்தை உருக்கி வார்க்க வேண்டும். தட்டி நீட்ட வேண்டும். துண்டுகளைப் பற்றவைக்க வேண்டும். ஒருவர் நல்ல பத்தராவதற்கு இளமைக்காலம் முழுவதும் தேவைப்பட்டது. அதனால் இத்தொழில் குடும்ப வழியாகவே பெரும்பாலும் வளர்ந்து வந்தது.

ஆனால் கடந்த முப்பது ஆண்டுகளுக்கு மேலாக யப்பானிலும் ஐக்கிய அமெரிக்காவிலும் பிரித்தானியாவிலும் ஆயிரக்கணக்கானோர், அவர்களுள் பெருந்தொகையான பெண்கள், சமையலறை மேசையில் இருந்தபடியே தூய வெள்ளி நகை செய்து வருகின்றனர். அவர்கள் வெள்ளியை உருக்குவதில்லை. பிட்டு மாவையோ களிமண்ணையோ பிசைவது போல் வெள்ளியைப் பிசைந்து, உருவாக்கி, உலர்த்தி, சுட்டு எடுக்கின்றனர். இதற்குப் பாவிக்கும் பொருளை வெள்ளிக்களி எனலாம். ஆங்கிலப் பெயர் பிரெஷஸ் மெற்றல் கிளே என்பதாகும்.

சுயதொழில் பற்றிப் பேசும் இடங்களில் இம்முறை குறித்தும் கேட்கப்படுகின்றது. "பயிற்சி குறைவு, இடம் குறைவு, இலாபம் கூட" என்று சொல்லி இதை விற்பனை செய்வோரும் உளர். இவற்றுள் முதலிரண்டும் பெரும்பாலும் உண்மை. மூன்றாவதைக் கணக்குப் பார்த்தே ஏற்க வேண்டும். ஆகவே இக்கட்டுரையில் செய்முறையையும் அதன் பின்னுள்ள விஞ்ஞானத்தையும் முதலில் விளக்கி, பின்னர் வரவு செலவையும் பார்ப்போம்.

வெள்ளிக்களி என்பது என்ன?

வெள்ளிக்களியில் மூன்று பொருட்கள் மட்டுமே உள்ளன. முதலாவது, மிக நுண்ணிய தூய வெள்ளித் துகள். இத்துகள்கள் ஏறத்தாழ ஒரு மில்லிமீற்றரின் ஐம்பதில் ஒரு பங்கு அளவிலும் அதற்குக் குறைவாகவும் இருக்கும். இரண்டாவது, தாவர நாரிலிருந்து பெறப்படும் செலுலோஸ் வகைப் பசை. மூன்றாவது, நீர். பல வகைகளில் நிறையின் ஏறத்தாழப் பத்தில் ஒன்பது பங்கு வெள்ளியே.

இக்களியைச் சுடும்போது நீர் ஆவியாகின்றது. பசை எரிந்து போகின்றது. வெள்ளி மட்டும் எஞ்சுகின்றது. எனவே சுட்டு முடித்த பொருள் வெள்ளி பூசிய பொருளன்று. வெள்ளி கலந்த மண்ணுமன்று. அது 1000 பங்கில் 999 பங்கு தூய்மையான வெள்ளியே. கடைகளில் ஸ்ரேளிங் என்ற பெயரில் விற்கப்படும் வெள்ளியில் 1000 பங்கில் 925 பங்கே வெள்ளி; மிகுதி பெரும்பாலும் செப்பு.

தோற்றம்

1990களின் தொடக்கத்தில் யப்பானின் மிற்சுபிஷி மற்றீரியல்ஸ் நிறுவனத்தைச் சேர்ந்த மசாக்கி மொறிக்காவா என்ற ஆய்வாளர் இதை உருவாக்கினார். மட்பாண்டக் கலைக்கு உயர்ந்த மதிப்பளிக்கும் நாடு யப்பான். குயவரின் கையில் மண் எவ்வாறு இணங்குகின்றதோ அவ்வாறே உலோகமும் இணங்கினால் என்ன என்ற எண்ணம் அங்கே தோன்றியதில் வியப்பில்லை. அதே காலத்தில் யப்பானின் ஐடா என்ற இரசாயனக் கைத்தொழில் நிறுவனமும் ஆர்ட் கிளே சில்வர் என்ற பெயரில் இதைப் போன்ற களியை வெளியிட்டது.

1990களின் நடுப்பகுதியில் இது ஐக்கிய அமெரிக்காவுக்குச் சென்றது. அங்கே உலோகக் கலைஞரும் நூலாசிரியருமான ரிம் மக்கிறைட் இதைப் பரீட்சித்துப் பார்த்து, மற்றவர்களுக்குக் கற்பித்து, பரப்புவதில் முன்னின்றார்.

இங்கு ஒரு விடயத்தைக் குறிப்பிட வேண்டும். உலோகத் துகள்களை முழுவதும் உருக்காமல் வெப்பத்தால் இணைப்பது முற்றிலும் புதிய எண்ணமன்று. தென் அமெரிக்காவின் எக்குவடோர் கரையோரத்தில் வாழ்ந்த பழங்குடிக் கொல்லர்கள், ஐரோப்பியர் அங்கு வருவதற்குப் பல நூற்றாண்டுகளுக்கு முன்னரே, பிளாற்றினத் துகள்களைச் சிறிதளவு பொன்னோடு சேர்த்துச் சூடாக்கி நகை செய்தனர். பிளாற்றினத்தை உருக்கும் அளவு வெப்பத்தை அவர்களால் உண்டாக்க முடியவில்லை. உருகிய பொன்னைக் கொண்டு துகள்களை ஒன்றாக்கினர். கையில் உள்ள நெருப்புக்கு ஏற்ற வழியைக் கண்டனர் என்பதே இதன் சிறப்பு.

உருகாமல் ஒட்டுவது எவ்வாறு?

வெள்ளி உருகுவது ஏறத்தாழ 962 பாகை செல்சியஸில். வெள்ளிக்களியைச் சுடுவதோ, வகைக்கேற்ப, 600 முதல் 900 பாகை வரையில். அதாவது உருகுநிலைக்குக் கீழேயே. அப்படியாயின் துகள்கள் எவ்வாறு ஒன்றாகின்றன?

மழைக்காலத்தில் போத்தலில் இருக்கும் உப்பைக் கவனித்திருப்பீர்கள். பரல் பரலாக இருந்த உப்பு, ஒன்றையொன்று தொடும் இடங்களில் ஒட்டிப் பெருங்கட்டியாகி விடுகின்றது. அங்கே அதைச் செய்வது ஈரம். வெள்ளியில் அதைச் செய்வது வெப்பம். வெப்பம் கூடும்போது துகளின் மேற்பரப்பில் உள்ள அணுக்கள் இடம்பெயரத் தொடங்குகின்றன. இரு துகள்கள் தொடும் இடத்தில் முதலில் ஒரு சிறு கழுத்துப் போன்ற இணைப்பு உண்டாகின்றது. நேரம் செல்லச் செல்ல அக்கழுத்துத் தடிக்கின்றது. இடையில் உள்ள வெற்றிடம் குறைகின்றது. இறுதியில் துகள்கள் யாவும் ஒரே உலோகமாகின்றன.

இவ்விளக்கத்திலிருந்து நடைமுறைக்குத் தேவையான மூன்று உண்மைகள் பெறப்படுகின்றன. ஒன்று, வெப்பமும் நேரமும் போதாவிட்டால் கழுத்துகள் மெலிதாகவே இருக்கும். பொருள் பார்வைக்கு வெள்ளியாகத் தோன்றினாலும் எளிதில் முறியும். இரண்டு, வெற்றிடம் குறைவதால் பொருள் சுருங்கியே தீரும். மூன்று, எவ்வளவு நன்றாகச் சுட்டாலும் சிறிதளவு நுண்துளைகள் எஞ்சும். எனவே வார்த்த வெள்ளியின் அடர்த்தியும் பலமும் இதற்கு முழுமையாகக் கிட்டா.

தேவையான பொருட்கள்

1. வெள்ளிக்களி ஒரு சிறு பொதி. பொதியில் குறிக்கப்பட்டிருப்பது வெள்ளியின் நிறையா, நீரும் பசையும் சேர்ந்த மொத்த நிறையா என்று வாசித்துப் பார்க்க வேண்டும்.
2. உருட்டுவதற்குச் சுமார் ஒரு சாண் நீளமான பிளாஸ்ரிக் நீர்க்குழாய்த் துண்டு.
3. ஒட்டாத, வழுவழுப்பான பிளாஸ்ரிக் தாள்.
4. பழைய கடதாசிக்கட்டு ஒன்று. விளையாடும் சீட்டு ஒன்றின் தடிப்பு ஏறத்தாழ 0.3 மில்லிமீற்றர். எனவே சீட்டுகளே தடிப்பை அளக்கும் கருவியாகின்றன.
5. ஊசி, குளிர்பானம் உறிஞ்சும் குழல், சிறு தூரிகை, ஒலிவ் எண்ணெய் சில துளிகள்.
6. மெல்லிய, மிக மெல்லிய மணற்றாள்கள்.
7. பித்தளைக் கம்பித் தூரிகை, சவர்க்காரம், அழுத்தித் தேய்ப்பதற்கு வழுவழுப்பான உருக்குக் கரண்டிக் காம்பு.
8. சூடு தாங்கும் செங்கல் ஒன்றும், கையில் பிடிக்கும் சிறிய எரிவாயு ஊதுவிளக்கும்; அல்லது வெப்பநிலையைச் சரியாகக் காட்டும் சிறு மின்சூளை.

அலுமினியம் படக்கூடாது. அலுமினியத் தட்டோ தாளோ ஈரமான வெள்ளிக்களியோடு பட்டால் களி பழுதடையும். சமையலுக்குப் பாவிக்கும் பாத்திரங்களையும் இவ்வேலைக்கு எடுக்க வேண்டாம்.

செய்முறை: இலைப்பதிவுத் தொங்கல் ஒன்று

வெள்ளிக்களி விலை கூடியது. ஆகவே முதல் நாளில் அதைத் திறக்க வேண்டாம். பிசைந்த கோதுமை மாவிலோ குயவர் களியிலோ இப்பயிற்சியைப் பலமுறை செய்து, கை பழகிய பின்னர் பொதியைத் திறக்கவும். திறந்த களி காற்றுப்பட்டால் சில நிமிடங்களில் காயத் தொடங்கும்.

முதலாவது: நரம்புகள் தடித்துத் தெரியும் சிறிய இலை ஒன்றைத் தெரிவு செய்யவும். அதன் அடிப்பக்கத்தில் எண்ணெயை மெல்லியதாகத் தடவவும். கையிலும் பிளாஸ்ரிக் தாளிலும் உருட்டும் குழாயிலும் சிறிது பூசிக்கொள்ளவும். எண்ணெய் கூடினால் களியில் வெடிப்பு உண்டாகும்.

இரண்டாவது: வேண்டிய அளவு களியை எடுத்து, மிகுதியை உடனே இறுக்கமாகச் சுற்றி, ஈரப் பஞ்சுத் துண்டோடு மூடியுள்ள போத்தலில் வைக்கவும். எடுத்ததை விரல்களால் மெதுவாக அழுத்தி, வெடிப்பில்லாத உருண்டையாக்கவும்.

மூன்றாவது: களியின் இரு பக்கமும் ஐந்து ஐந்து சீட்டுகளை அடுக்கி வைத்து, குழாயை அவற்றின் மேல் உருட்டவும். களி 1.5 மில்லிமீற்றர் தடிப்பில் ஒரே சீராகப் பரவும். பின்பு இலையின் நரம்புப் பக்கம் களியில் படும்படி வைத்து, பக்கத்துக்கு நான்கு சீட்டுகளாகக் குறைத்து மீண்டும் ஒருமுறை உருட்டவும். இலையை மெதுவாக உரித்தெடுத்தால் நரம்புகள் யாவும் பதிந்திருக்கும்.

நான்காவது: ஊசி முனையால் விரும்பிய வடிவத்தை வெட்டவும். உறிஞ்சுகுழலால் மேலே ஒரு துளையிடவும். துளை விளிம்பிலிருந்து குறைந்தது 3 மில்லிமீற்றராவது உள்ளே இருக்க வேண்டும்; இல்லாவிடில் பாவனையில் அறுந்துபோகும்.

ஐந்தாவது: உலர்த்தவும். நிழலில் ஒருநாள் முழுவதும் வைப்பது பாதுகாப்பான வழி. நன்கு காய்ந்ததா என்று அறிய, பொருளைச் சிறிது சூடாக்கி முகம் பார்க்கும் கண்ணாடியின் மேல் வைத்து உடனே எடுக்கவும். கண்ணாடியில் ஆவி படிந்தால் உள்ளே ஈரம் உண்டு. ஈரத்தோடு சுட்டால் நீராவி வெளியேற வழியின்றிப் பொருள் வீங்கும், அல்லது வெடிக்கும்.

ஆறாவது: காய்ந்த பொருள் பிஸ்கற் போல் நொறுங்கும் தன்மையுடையது. விரல்களில் தாங்கிப் பிடித்து, விளிம்புகளை மணற்றாளால் மெதுவாகத் தேய்க்கவும். இப்போது ஐந்து நிமிடத்தில் தேய்க்கக் கூடியதைச் சுட்ட பின்னர் தேய்க்க ஒரு மணித்தியாலம் செல்லும். விழும் தூளை ஒரு கடதாசியில் சேர்க்கவும். அதுவும் வெள்ளியே. சில துளி நீர் விட்டுக் குழைத்தால் மீண்டும் களியாகும். இன்னும் நீர் விட்டால் வெடிப்புகளை அடைக்கும் குழம்பாகும்.

சுருக்கக் கணக்கு

யப்பானிலிருந்து முதலில் வந்த களி நீளத்தில் 25 முதல் 30 வீதம் வரை சுருங்கியது. பின்னர் வந்த வகைகள் 8 முதல் 15 வீதம் வரையே சுருங்குகின்றன. பொதியில் குறிக்கப்பட்ட சுருக்கத்தைப் பார்த்தே அளவு எடுக்க வேண்டும்.

கணக்கு எளிது. 10 வீதம் சுருங்கும் களியில் முடிவில் 45 மில்லிமீற்றர் நீளம் வேண்டுமாயின், 45ஐ 0.9ஆல் வகுக்கவும், 50 மில்லிமீற்றர். 45உடன் அதன் 10 வீதத்தைக் கூட்டினால் 49.5தான் வரும். சிறிய வித்தியாசம் என்று தோன்றினாலும் மோதிரத்தில் அது விரலுக்குள் நுழையாத வித்தியாசமாகும். நீளம், அகலம், தடிப்பு ஆகிய மூன்றும் சுருங்குவதால் முழுப் பருமனிலும் கால் பங்குக்கு மேல் குறைவதையும் மனத்திற் கொள்ள வேண்டும்.

சுடுதல்

இதுவே முழு வேலையின் உயிர்நிலை. யன்னல்களைத் திறந்து, தலைமுடியை இறுகக் கட்டி, சேலைத் தலைப்பையோ தாவணியையோ செருகிக்கொண்டு, பிள்ளைகளை அப்புறப்படுத்திய பின்னரே தொடங்க வேண்டும். நைலோன் உடை அணிய வேண்டாம்.

ஊதுவிளக்கால் சுடுவதாயின் பொருள் சிறியதாகவும் தட்டையாகவும் இருத்தல் நன்று. செங்கல்லின் மேல் அதை வைத்து, வெளிச்சம் குறைந்த இடத்தில், சுடரைச் சுழற்றிச் சுழற்றிப் பிடிக்கவும். முதலில் சிறிது புகையும் சிறு சுவாலையும் எழும், பசை எரிகின்றது. பின்னர் பொருள் வெள்ளையாகும். அதன்பின் பழுத்த பப்பாசியின் நிறம் போன்ற இளஞ்செம்மை ஒளி தோன்றும். அந்த ஒளி தோன்றிய கணத்திலிருந்தே நேரத்தைக் கணக்கிட வேண்டும். சில கிராம் நிறையுள்ள சிறு பொருளுக்கு இரண்டு நிமிடம். நிறை கூடினால் நேரமும் கூட வேண்டும். ஒளி மங்கினால் சுடரை அருகே கொண்டு வரவும். மேற்பரப்புக் கண்ணாடி போல் பளபளத்து அசையத் தொடங்கினால் உருகத் தொடங்கிவிட்டது. உடனே சுடரை விலக்கவும்.

மின்சூளை இருப்பின் வேலை உறுதியானது. குறைந்த வெப்பத்தில் சுடக்கூடிய வகைகளுக்கு 650 பாகையில் அரை மணித்தியாலம் போதும் என்று உற்பத்தியாளர் குறிப்பிடுவர். அது குறைந்தபட்ச அளவு. கல் எதுவும் பதிக்காத பொருளை 900 பாகையில் இரண்டு மணித்தியாலம் வைத்தால் பலம் மிகக் கூடுகின்றது என்பது அனுபவமுள்ளோர் கண்ட உண்மை. துகளிடையே உள்ள கழுத்துகள் தடிக்க நேரம் வேண்டும் என்று மேலே கூறியதை நினைவிற் கொண்டால் காரணம் விளங்கும். மோதிரம், காப்பு முதலிய உழைப்பைத் தாங்கும் பொருட்களை ஊதுவிளக்கில் சுட்டு விற்பது முறையன்று.

மெருகிடல்

சூளையிலிருந்து எடுக்கும் பொருள் சுண்ணாம்பு பூசியது போல் வெள்ளையாக இருக்கும். முதன்முறை செய்வோர் இதைக் கண்டு மனம் சோர்வதுண்டு. இது குறையன்று. மேற்பரப்பு நுண்ணிய மேடு பள்ளங்களாக இருப்பதால் ஒளி சிதறுகின்றது, அவ்வளவே. சவர்க்கார நீரில் நனைத்து, பித்தளைத் தூரிகையால் தேய்க்க வெள்ளியின் நிறம் வெளிப்படும். பின் உருக்குக் காம்பால் அழுத்தித் தேய்க்க, மேடுகள் படிந்து பளபளப்பு உண்டாகும். இவ்வழுத்தம் மேற்பரப்பைச் சிறிது கடினமாக்கவும் செய்கின்றது.

இலை நரம்புகள் கருமையாகத் தெரிய வேண்டுமாயின் ஒரு வீட்டு முறை உண்டு. அவித்த முட்டையின் மஞ்சட்கருவை நசுக்கி, பொருளோடு ஒரு மூடிய பாத்திரத்தில் சில மணித்தியாலம் வைத்தால், முட்டையின் கந்தகம் வெள்ளியைக் கறுக்கச் செய்யும். பின்னர் மேடான இடங்களை மட்டும் துடைத்தால் பள்ளங்களில் கருமை தங்கும்.

கற்கள் பதித்தல்

செயற்கையாக உண்டாக்கிய சேர்க்கோனியாக் கற்களையும், செயற்கை மாணிக்கம் போன்ற சில கற்களையும் களியில் பதித்து அப்படியே சுடலாம். களி சுருங்கும்போது கல்லை இறுகப் பிடித்துக்கொள்ளும். முத்து, பவளம், அம்பர், ஓபல் என்பன இவ்வெப்பத்தில் அழிந்துவிடும். இயற்கைக் கற்களில் பல வெடிக்கலாம் அல்லது நிறம் மாறலாம். விலையுயர்ந்த கல்லாயின், அதற்கான இருக்கையை மட்டும் களியில் அமைத்து, சுட்ட பின் கல்லைப் பதிப்பதே புத்தி.

எதற்கு உதவும், எதற்கு உதவாது?

தொங்கல், தோடு, பொத்தான், மணி, சிறு பதக்கம் என்பவற்றுக்கு இது மிகப் பொருத்தமானது. பதிவு வேலையில் இதற்கு நிகரில்லை. உண்மையான இலையின் மீது வெள்ளிக் குழம்பைப் பத்துப் பன்னிரண்டு தடவை பூசி உலர்த்திச் சுட்டால், இலை எரிந்து, நரம்பு ஒன்றும் தவறாத வெள்ளி இலை எஞ்சும்.

ஆனால் தூய வெள்ளி மென்மையானது. மெல்லிய நீண்ட பொருட்கள் வளையும். சங்கிலி, கம்பி வேலை, கொளுக்கி, சுரை என்பன இதில் செய்யத் தக்கன அல்ல. அவை பத்தரின் வேலை. இந்த வரையறையைச் சரியாக விளங்கிக்கொண்டால் வெள்ளிக்களி பத்தரின் பிழைப்பைப் பறிக்கும் என்ற பயம் தேவையில்லை. களியில் தொங்கல் செய்பவருக்குச் சங்கிலி செய்ய ஒரு பத்தர் வேண்டும்; பழுது பார்க்கவும் அவர் வேண்டும். மென்மைக்குப் பரிகாரமாகச் செப்புச் சிறிது கலந்த வெள்ளிக்களிகளும் பின்னர் சந்தைக்கு வந்தன. அவற்றுள் சில வகைகளை இருமுறை சுட வேண்டும். இரண்டாம் முறை கரிக்குள் புதைத்துச் சுட வேண்டும்.

செப்பும் வெண்கலமும்: சிரட்டைக் கரியின் பங்கு

வெள்ளியின் விலையைத் தாங்க முடியாதோருக்கு வெண்கலக் களியும் செப்புக் களியும் உண்டு. வெண்கலக் களியை 2008ஆம் ஆண்டில் பில் ஸ்ருவ் என்ற அமெரிக்கர் வெளியிட்டார். ஆனால் இவ்வுலோகங்களில் ஒரு சிக்கல் உண்டு. வெள்ளி சூட்டில் காற்றோடு சேர்ந்து துருப்போன்ற படையை உண்டாக்குவதில்லை. செப்போ சூடேறியதும் காற்றிலுள்ள ஒட்சிசனோடு சேர்ந்து கரிய படையை உண்டாக்கும். அப்படை துகள்கள் இணைவதைத் தடுத்துவிடும்.

இதற்குக் கண்ட வழி, பொருளை உருக்குப் பெட்டியில் ஏவப்பட்ட கரிக்குள் புதைத்துச் சுடுவதாகும். பெட்டிக்குள் புகும் ஒட்சிசனைக் கரி தானே எடுத்துக்கொள்கின்றது. இவ்வேலைக்குப் பரவலாகப் பாவிக்கப்படுவது தேங்காய்ச் சிரட்டையிலிருந்து பெறும் கரியே. சிரட்டையிலிருந்து ஏவப்பட்ட கரி உற்பத்தி செய்து உலகச் சந்தைக்கு அனுப்பும் முக்கிய நாடுகளில் இலங்கையும் ஒன்று. எமது முற்றத்தில் விறகாக எரியும் சிரட்டை, பதப்படுத்தப்பட்ட பின்னர், தூர தேசத்தில் ஒருவரின் வெண்கலத் தொங்கலைக் காத்து நிற்பது சிந்திக்கத் தக்கது. அடுப்புக் கரியும் ஏவப்பட்ட கரியும் ஒன்றல்ல என்பதையும் நினைவிற் கொள்க. கரிக்குள் சுடும்போது காபன் மொனொட்சைட்டு என்ற நச்சு வாயு உண்டாகும். அதற்கு நிறமுமில்லை, மணமுமில்லை. எனவே இவ்வேலையை மூடிய அறையில் ஒருபோதும் செய்தலாகாது.

வரவு செலவு

இப்போது முக்கியமான கேள்விக்கு வருவோம். வெள்ளிக்களியின் விலை, அதிலுள்ள வெள்ளியின் விலையிலும் கணிசமாகக் கூடியது. துகளாக்கும் செலவும் இறக்குமதிச் செலவும் அதில் அடங்கும். சந்தை விலை நாளுக்கு நாள் மாறுவதால் ரூபாயில் சொல்லாமல் பங்காகச் சொல்கின்றேன். ஒரு கிராம் வெள்ளி 1 பங்கு. ஒரு கிராம் களி 2 பங்கு என்று வைத்துக்கொள்வோம். உங்கள் ஊர் விலையை இட்டு இதே கணக்கை நீங்களே செய்யலாம்.

ஒரு தொங்கலுக்கு 8 கிராம் களி. செலவு 16 பங்கு. பத்தில் ஒன்பது பங்கு வெள்ளியாயின் முடிவில் 7.2 கிராம் வெள்ளி கிடைக்கும். நிறை பார்த்து வாங்கும் கடையில் அதற்கு 7.2 பங்கே தருவர். மிகுதி 8.8 பங்கையும், எரிவாயுவையும், கொளுக்கியையும், உங்கள் நாட்கூலியையும் அத்தொங்கலின் அழகு ஒன்றே ஈடுசெய்ய வேண்டும்.

மேலும் பத்தில் ஒன்று பழுதாகும் எனக் கொள்வோம். பத்துக்கும் செலவு 160 பங்கு. பழுதானதை வெள்ளியாக விற்றால் 7.2 பங்கு திரும்பும். மிகுதி 152.8 பங்கை ஒன்பது தொங்கல்கள் சுமக்க வேண்டும். ஒன்றுக்கு ஏறத்தாழ 17 பங்கு.

இதிலிருந்து தெரிவது யாது? நிறைக்கும் செய்கூலிக்கும் விலை பேசும் சந்தையில் வெள்ளிக்களி நட்டத்தையே தரும். ஒரு பொருளைக் கைவேலை என்ற மதிப்போடு, எண்ணிக்கைக்கு விலை கொடுத்து வாங்கும் சந்தையில் மட்டுமே அது இலாபம் தரும். யப்பானிலும் அமெரிக்காவிலும் இத்தொழில் நிலைத்தமைக்கு அத்தகைய வாங்குவோர் இருந்தமையே காரணம். அங்கும் பலர் இதைப் பிழைப்பாக அன்றிப் பொழுதுபோக்காகவே செய்கின்றனர் என்பதையும் மறைக்கலாகாது.

ஆகவே ஒரு மாதர் சங்கமோ இளைஞர் குழுவோ இதில் இறங்க விரும்பினால், முதலில் சூளைக்குக் கடன் எடுக்க வேண்டாம். ஒரே ஒரு சிறு பொதியும் ஓர் ஊதுவிளக்கும் கொண்டு, சுடரில் சுடத்தக்க சிறு தொங்கல்கள் ஆறேழு செய்க. அவற்றை உல்லாசப் பயணிகள் வரும் கடையிலோ கைப்பணிப் பொருட்கள் விற்கும் நிலையத்திலோ காட்டி, என்ன விலைக்கு எடுப்பர் என்று எழுத்தில் பெறுக. அவ்விலை மேற்காட்டிய கணக்கைத் தாண்டினால் மட்டும் அடுத்த அடி வைக்கலாம். தாண்டாவிடின், இழந்தது ஒரு பொதியின் விலையே. அதிலும் வெள்ளி மிஞ்சும். சூளையைக் கடனில் வாங்கிய பின் இக்கணக்கைப் பார்ப்பவருக்கு மிஞ்சுவது தவணைப் பணமே. பயிற்சியையும் களியையும் சூளையையும் ஒருவரே விற்கின்றார் என்றால், அவர் காட்டும் இலாபக் கணக்கை இருமுறை பார்க்க வேண்டும்.

வாங்குவோருக்கு நேர்மை

வெள்ளி கண்ணால் பார்த்துத் தூய்மையை அறியக்கூடிய பொருளன்று. அதனால்தான் பல நாடுகள் முத்திரைச் சட்டம் இயற்றியுள்ளன. பிரித்தானியாவில் 1973ஆம் ஆண்டின் சட்டப்படி, 7.78 கிராமிலும் கூடிய வெள்ளிப் பொருளை வெள்ளி என்று கூறி விற்க, பரிசோதனை நிலையத்தின் முத்திரை வேண்டும். அங்கே களியில் செய்த பொருளும் பத்தர் செய்த பொருளும் ஒரே சட்டத்துக்குள் அடங்கும்.

முத்திரை கேட்கப்படாத இடத்திலும் சொல்ல வேண்டியவை உண்டு. இது 999 தூய்மையான வெள்ளி. களியாகப் பிசைந்து சுட்டது. மென்மையானது, இறுக்கி வளைக்க வேண்டாம் என்ற மூன்றையும் ஒரு சிறு துண்டில் எழுதிப் பொருளோடு கொடுத்தால், வாங்கியவர் மீண்டும் வருவார். வெண்கலக் களியில் செய்து வெள்ளி முலாம் பூசியதை வெள்ளி என்று விற்பவர் ஒருமுறைதான் விற்பார். அவரோடு அக்கிராமத்தில் அத்தொழில் செய்யும் எல்லோரின் பெயரும் கெடும்.

பல ஆண்டுப் பயிற்சி இல்லாதவருக்கும் வெள்ளியைக் கையாளும் வழியை இக்களி திறந்து வைத்துள்ளது என்பது மெய். அவ்வழியால் போக விரும்புவோர் ஒரு கையில் களியையும் மறு கையில் கணக்குக் கொப்பியையும் எடுத்துக்கொண்டு புறப்படட்டும். முதற் பக்கத்தில் எழுத வேண்டியது களியின் விலையன்று. அத்தொங்கலை வாங்க இருப்பவர் யார் என்பதே.